ஆம்ப் ஹெட்போனுக்கு, ஹெட்போன் இசைக்கு

மெட்டல் இசை கேட்பவருக்கு இந்த ஆம்ப் (ஹெட்போனுக்குப் போகும் சிக்னலைப் பெருக்கிக் கொடுக்கும் ஆம்ப்ளிஃபயர்), ஜாஸ் கேட்பவருக்கு டியூப் ஆம்ப் (வெற்றிடக் குழாயில் ஓடுவது), கர்நாடக சங்கீதத்துக்குக் கொஞ்சம் 'வார்ம்' ஆன, அதாவது இதமான ஒலி தரும் ஆம்ப் என்று ஹெட்போன் ஆர்வலர்களிடம் ஒரு பட்டியல் வெகுகாலமாகப் புழங்குகிறது. புதிதாக இதில் இறங்குபவரும் முதலில் இதைத்தான் கேட்கிறார்: நான் கேட்பது இந்த மாதிரி இசை, எந்த ஆம்ப் வாங்கலாம்?

என் பதில், கேள்வியின் வரிசையை மாற்றுவதுதான். இசையைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டியது ஹெட்போனை. ஆம்ப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டியது அந்த ஹெட்போனைப் பார்த்து. இதைத் தலைகீழாகச் செய்தால் பணம் தப்பான இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். இசையின் வகை ஆம்ப்பை நேரடியாகத் தொடும் இடம் ஒன்றும் உண்டு. பலரும் தேடும் இடத்தில் அது இல்லை என்பதால் அதைப் பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

அளவுகளைப் பார்த்தாலே இந்த வரிசைக்கான காரணம் தெரிந்துவிடும். நல்ல பெயர் வாங்கிய இரண்டு ஹெட்போன்களை எடுத்து அளந்தால், சில அலைவரிசைகளில் அவற்றுக்கிடையே 5 டெசிபல், சில சமயம் 10 டெசிபல்கூட வித்தியாசம் இருக்கும். பாடகரின் குரல் முன்னால் வருவதும் பின்னால் போவதும், வயலின் காதைக் கீறுவதும் கீறாமல் இருப்பதும் இந்த வித்தியாசத்தால்தான். சரியாக வடிவமைத்த இரண்டு சாலிட் ஸ்டேட் ஆம்ப்களை (டியூப் இல்லாமல் டிரான்சிஸ்டரில் ஓடுபவை) அளந்தால், காது கேட்கும் எல்லைக்குள் அவற்றின் வித்தியாசம் பெரும்பாலும் 0.1 டெசிபலைத் தாண்டாது. ஆம்ப் சேர்க்கும் ஒலிச்சிதைவும் ஹெட்போன் சேர்ப்பதைவிட மிகக் குறைவு.

அப்படியானால் ஆம்ப் மாற்றியதும் பாட்டே மாறிவிட்டது என்று பலர் சொல்கிறார்களே? அவர்கள் பொய் சொல்லவில்லை. பெரும்பாலும் இரண்டு காரணங்கள். ஒன்று, புது ஆம்ப்பில் சத்தம் ஒரு டெசிபல் கூடுதலாக இருந்திருக்கும். அவ்வளவு சின்ன வித்தியாசத்தை நம் காது 'சத்தம் அதிகம்' என்று எடுத்துக்கொள்வதில்லை, 'தெளிவு அதிகம், பேஸ் அதிகம்' என்றுதான் எடுத்துக்கொள்ளும். சத்தத்தைப் பொறுத்து பேஸும் (கீழ் ஒலி) ட்ரெபிளும் (மேல் ஒலி) காதுக்குக் கூடிக் குறைந்து தெரியும் என்பதை ஃப்ளெட்சர், மன்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1933-லேயே அளந்து காட்டிவிட்டார்கள். மற்றது, அந்த ஆம்ப்புக்கும் ஹெட்போனுக்கும் இடையே மின்சார ரீதியாக நிஜமாகவே ஒரு பொருத்தமின்மை இருந்திருக்கும். அதைப் பின்னால் பார்ப்போம். முதலில் ஹெட்போன்.

கச்சேரி கேட்பவருக்கு

கர்நாடக சங்கீதத்தில் கவனம் முழுக்க நடுப்பகுதியில் இருக்கிறது. குரல், வயலின், வீணை, தம்புரா, மிருதங்கத்தின் வலந்தலை என்று எல்லாமே ஏறக்குறைய 100 ஹெர்ட்ஸிலிருந்து 5,000 ஹெர்ட்ஸ் வரையிலான இடத்தில்தான் முக்கியமான வேலையைச் செய்கின்றன. ஒரு கட்டை சுருதியில் பாடும் ஆண் குரலின் நடு ஸட்ஜம் சுமார் 131 ஹெர்ட்ஸ். மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் வாசிக்கும் கும்கி என்ற ஒலி 100 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில் வளைந்து எழும். 30, 40 ஹெர்ட்ஸில் அதிரும் சப்-பேஸுக்குக் கச்சேரியில் வேலையே இல்லை. ஆகவே 'பேஸ் நன்றாக இருக்கிறது' என்பதற்காக ஒரு ஹெட்போன் வாங்கி அதில் ஆலாபனை கேட்பவர், தனக்குப் பயன்படாத ஒன்றுக்காகப் பணம் கொடுத்திருக்கிறார். பல சமயம் அந்தக் கூடுதல் பேஸ் 200 ஹெர்ட்ஸ் வரை ஏறிவந்து ஆண் குரலைக் கனமாக்கி, சொற்களையும் மங்கவைத்துவிடும்.

மிருதங்கத்தைக் கொஞ்சம் கூர்ந்து கவனிக்க வேண்டும். சாதாரணத் தோல் வாத்தியத்தில் அடிப்படை ஸ்வரத்தோடு சேர்ந்தே எழும் மேல் ஸ்வரங்கள் அதனோடு முழு எண் விகிதத்தில் பொருந்தாது. அதனால்தான் பெரும்பாலான டிரம்களுக்கு சுருதி என்று சொல்லும்படி ஒன்று கிடைப்பதில்லை. மிருதங்கமும் தபலாவும் இதற்கு விலக்கு. நடுவில் பூசும் கரணை தோலின் கனத்தை மாற்றி, அந்த மேல் ஸ்வரங்களை விகிதத்துக்குள் கொண்டுவருகிறது. சி.வி. ராமன் 1920-ல் சக ஆய்வாளர் ஒருவருடன் சேர்ந்து 'நேச்சர்' இதழில் எழுதிய குறிப்பு இதைப் பற்றியதுதான். ஹெட்போன் விஷயத்தில் இதன் பொருள் என்னவென்றால், மிருதங்கத்தை வெறும் தாள ஓசையாக நினைக்கக் கூடாது, அதற்கும் சுருதி இருக்கிறது. மேல் ஸ்வரங்கள் இருக்கும் பகுதியில் ஹெட்போனில் மேடு பள்ளம் இருந்தால், வலந்தலையின் நாதம் சுருதியோடு ஒட்டாமல் வெறும் தட்டல் ஆகிவிடும். தம்புராவும் அப்படித்தான். குதிரைக்கும் தந்திக்கும் நடுவே வைக்கும் நூல்தான் அந்த ரீங்காரத்தை உண்டாக்குகிறது. ரீங்காரம் என்பது பல ஆயிரம் ஹெர்ட்ஸ் வரை அடுக்கடுக்காக எழும் மேல் ஸ்வரங்களின் கூட்டம். ட்ரெபிள் மந்தமான ஹெட்போனில் தம்புரா ஒரு முனகலாகச் சுருங்கிவிடும்.

ஆனால் ட்ரெபிள் கூடினாலும் ஆபத்து. பேயர்டைனமிக் டிடி 990 போன்ற ஹெட்போன்களில் 8,000 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் ஒரு தெளிவான மேடு உண்டு. ஸ்டுடியோவில் தவறுகளைக் கண்டுபிடிக்க அது உதவும். வயலினில் மேல் ஸ்தாயி, நாகஸ்வரம், பாடகரின் 'ஸ', 'ச' எல்லாம் அதில் ஊசி போல வந்து குத்தும். நாகஸ்வரம் திறந்தவெளிக்கான வாத்தியம். கோயில் பிராகாரத்தில் நூறு அடி தள்ளி நின்று கேட்க வேண்டிய ஒலியை மைக் பக்கத்தில் வைத்துப் பதிந்திருப்பார்கள். அதைக் கூர்மையான ஹெட்போனில் கேட்பது காதுக்குத் தண்டனை.

பழைய பதிவுகளை அதிகம் கேட்பவருக்கு இது இன்னும் முக்கியம். 1956-ல் மறைந்த டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் நாகஸ்வர வாசிப்பு நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் 78 சுழற்சி இசைத்தட்டுகள் வழியாகத்தான். அந்தத் தட்டுகளில் மேல் அலைவரிசைகளில் இசை என்று பெரிதாக எதுவும் இல்லை, இருப்பது தட்டின் உராய்வு ஓசை. ட்ரெபிள் தூக்கிய ஹெட்போன் அவருடைய தோடி ராகத்தைத் துல்லியமாக்காது, உராய்வைத்தான் துல்லியமாக்கும். அதோடு இந்தத் தட்டுகளும் அந்தக் காலத்து வானொலிப் பதிவுகளும் மோனோ. இரண்டு காதுக்கும் ஒரே ஒலிதான் போகிறது. வாத்தியங்கள் பரந்து நிற்பது போல 'மேடை அகலமாகத் தெரியும்' என்று புகழப்படும் விலையுயர்ந்த ஹெட்போனில் மோனோ பதிவைக் கேட்டால் அந்த அகலத்தில் பாதிகூடக் கிடைக்காது. அந்தப் பணத்தை மிச்சம் பிடிக்கலாம்.

இந்த இசைக்கு என் தேர்வு சென்ஹைசரின் எச்டி 600, எச்டி 650 குடும்பம். எச்டி 600 வந்தது 1997-ல், எச்டி 650 2003-ல். இத்தனை ஆண்டுகள் கழித்தும் குரல் விஷயத்தில் இவற்றை மிஞ்சுவது கடினம். சப்-பேஸ் இவற்றில் மெலிவு, மேடை சிறியது. கச்சேரிக்கு இரண்டும் குறையாகத் தெரியாது.

இங்கே நம் வீடுகளைப் பற்றியும் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இந்த ஹெட்போன்கள் எல்லாம் பின்புறம் திறந்தவை, வெளிச்சத்தம் அப்படியே உள்ளே வரும். சுழலும் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து கேட்டால் மந்திர ஸ்தாயியும் தம்புராவும் அந்த இரைச்சலில் பாதி கரைந்துவிடும். அதை ஈடுகட்ட நாம் வால்யூமைக் கூட்டுவோம். பகலில் சத்தமான அறையில்தான் கேட்க முடியும் என்றால், சுமாரான மூடிய (குளோஸ்டு) ஹெட்போன்கூட நல்ல திறந்த ஹெட்போனைவிட அதிகமாகக் கேட்கவைக்கும். மழைக்காலத்திலும் கோடையிலும் செயற்கைத் தோல் குஷன் வியர்த்து ஒட்டும், சில ஆண்டுகளில் உரியவும் செய்யும். வெல்வெட் போன்ற துணிக் குஷன் நம் ஊருக்கு நல்லது.

சினிமாப் பாட்டு, சிம்பொனி, மற்றவை

தமிழ்ச் சினிமாப் பாடல்களை ஒரே வகையாக வைத்துப் பேச முடியாது. எழுபதுகள் வரை வந்தவை பெரும்பாலும் மோனோ, குரல்தான் ராஜா. மேலே சொன்னதெல்லாம் அவற்றுக்கும் பொருந்தும். எண்பதுகளின் இளையராஜா பாடல்களில் பேஸ் கிடார் தாளத்துக்குத் துணையாக மட்டும் நிற்காமல் தனியாக ஒரு மெட்டைப் பாடிக்கொண்டு போகும். பேஸ் கிடாரின் மிகக் கீழ்த் தந்தி 41 ஹெர்ட்ஸ், ஆனால் அந்த மெட்டு நடமாடும் இடம் 60-க்கும் 250-க்கும் இடையே. இங்கே வேண்டியது அளவான, தெளிவான பேஸ். 100 ஹெர்ட்ஸுக்கு மேல் வீங்கியிருக்கும் ஹெட்போனில் அந்த மெட்டின் ஒவ்வொரு ஸ்வரமும் ஒரே மாதிரி 'தம் தம்' என்று கேட்கும். பேஸ் அதிகம் உள்ள ஹெட்போனில் பேஸ் கிடார் தெரியாமல் போவது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும், ஆனால் நடப்பது அதுதான்.

1992-க்குப் பிறகு ஏ.ஆர். ரஹ்மானின் வருகையோடு சின்தசைசரின் ஆழமான அடி ஒலிகள் தமிழ்ப் பாடல்களில் முக்கிய இடம் பிடித்தன. இன்றைய பாடல்களில் 808 என்று சொல்லப்படும் கிக் ஒலி சாதாரணம். ரோலண்ட் நிறுவனம் 1980-ல் கொண்டுவந்த டிஆர்-808 டிரம் இயந்திரத்தின் வாரிசு அது. 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே நீண்டு அதிரும். ஹிப்-ஹாப், இ.டி.எம் (மின்னணு நடன இசை), இப்போதைய குத்துப் பாடல்கள் எல்லாவற்றுக்கும் இந்த அடித்தளம் வேண்டும். எச்டி 650 இங்கே தோற்றுப்போகும். திறந்த டைனமிக் ஹெட்போன்கள் (காந்தமும் சுருளும் கொண்ட வழக்கமான வகை) பலவும் இந்த ஆழத்தில் சரிந்துவிடுகின்றன. பிளேனார் ஹெட்போன்கள் (தட்டையான மெல்லிய சவ்வு அதிரும் வகை) 20 ஹெர்ட்ஸ் வரை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். காதை நன்றாக மூடும் குளோஸ்டு ஹெட்போன்களும் காதுக்குள் செருகும் இயர்போன்களும் இதில் நல்லவை. ஆனால் மூடல் சரியாக இல்லையென்றால் சப்-பேஸ் முழுக்க ஒழுகிப்போகும். கண்ணாடி அணிபவர்கள் கடையில் கண்ணாடியோடுதான் போட்டுப் பார்க்க வேண்டும். அதன் கம்பி குஷனுக்கும் கன்னத்துக்கும் நடுவே விடும் சின்ன இடைவெளி போதும், பேஸ் போய்விடும்.

பறை, தவில் ஆகியவற்றின் அடி சப்-பேஸில் இல்லை. அதன் பலம் 100, 200 ஹெர்ட்ஸ் பகுதியிலும், குச்சி தோலில் படும் நொடியின் கூர்மையிலும் இருக்கிறது. இதற்கு பேஸ் கூட்டிய ஹெட்போனைவிட, ஒலி எழுந்த வேகத்திலேயே அடங்கவும் தெரிந்த ஹெட்போன் நல்லது. மெட்டலுக்கும் இதே தேவைதான். டபுள் கிக்கும் சிதைவேற்றிய கிடார்களும் 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை நெருக்கியடித்து நிற்கும், அங்கே ஹெட்போனில் ஒரு மேடு இருந்தாலும் அரை மணி நேரத்தில் காது களைத்துவிடும்.

மேற்கத்திய சிம்பொனி வேறு கதை. அங்கே அறையின் எதிரொலியும் வாத்தியங்களின் இட ஒழுங்கும் இசையின் ஒரு பகுதி. 2009-ல் வந்த சென்ஹைசர் எச்டி 800 போன்ற, காதிலிருந்து தள்ளி நிற்கும் பெரிய டிரைவர் (ஒலி எழுப்பும் பகுதி) கொண்ட ஹெட்போன்களுக்கு இங்கேதான் அர்த்தம் இருக்கிறது.

இப்படி வகை வகையாகச் சொன்னாலும் ஒரு விஷயத்தை மறந்துவிடக் கூடாது. ஹார்மன் என்ற ஒலிக்கருவி நிறுவனத்தில் ஷான் ஆலிவ், டாட் வெல்டி ஆகியோர் 2010-களில் நடத்திய சோதனைகளில் பெரும்பாலான கேட்பவர்கள் ஒரே மாதிரியான ஒலியைத்தான் விரும்பினார்கள். நல்ல அறையில் நல்ல ஸ்பீக்கர் ஒலிப்பது போன்ற ஒலி அது. ஒரு பகுதியினர் அதைவிடக் கொஞ்சம் அதிக பேஸையும், இன்னொரு பகுதியினர் குறைந்த பேஸையும் விரும்பினார்கள், அதில் வயதுக்கும் பழக்கத்துக்கும் பங்கு இருந்தது. ஆக, விருப்பம் இசை வகையோடு மாறுவது போலவே ஆளுக்கு ஆளும் மாறுகிறது. ஒரே ஒரு ஹெட்போன்தான் வாங்க முடியும் என்றால், எந்த வகைக்கும் தனியாக வளைந்துகொடுக்காத, நடுநிலையான ஒன்றை வாங்குவதே புத்திசாலித்தனம்.

சரி, ஆம்ப்புக்கு என்ன வேலை

ஹெட்போன் கேட்கும் வோல்டேஜையும் கரண்டையும், எதையும் சேர்க்காமல் குறைக்காமல் கொடுப்பது. அவ்வளவுதான். வீட்டுத் தண்ணீர்க் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள்: மாடித் தொட்டியின் உயரம் வோல்டேஜ், குழாயின் பருமன் கரண்ட். சில ஹெட்போனுக்கு உயரம் வேண்டும், சிலவற்றுக்குப் பருமன் வேண்டும்.

எச்டி 650-ன் மின்தடை 300 ஓம். 1 வோல்ட் கொடுத்தால் 103 டெசிபல் சத்தம் தரும் என்பது நிறுவனத்தின் அளவு. பாட்டின் உச்சத்தில் 110 டெசிபல் வேண்டுமென்றால் ஏறக்குறைய 2.2 வோல்ட் போதும். கணக்குப் போட்டால் வெறும் 17 மில்லிவாட்தான். இப்போது ஹைஃபைமேனின் எச்இ-6 என்ற பிளேனாரை எடுத்துக்கொள்வோம். மின்தடை 50 ஓம்தான், 'ஓம் குறைவு, சுலபமாக ஓடும்' என்று நினைக்கத் தோன்றும். ஆனால் ஒரு மில்லிவாட்டுக்கு 83.5 டெசிபல்தான் தரும். அதே 110 டெசிபலுக்கு 4.7 வோல்டும் 450 மில்லிவாட்டும் கேட்கும், அதாவது எச்டி 650-ஐப் போல் ஏறக்குறைய 27 மடங்கு சக்தி. இதை ஸ்பீக்கர் ஆம்ப்பில் மாட்டிக் கேட்டவர்கள் உண்டு, அதற்குக் காரணம் இதுதான். ஓம் எண்ணை மட்டும் பார்த்து ஆம்ப் வாங்கக் கூடாது, சென்சிட்டிவிட்டியையும், அதாவது கொடுத்த சக்திக்கு எவ்வளவு சத்தம் தரும் என்பதையும், சேர்த்துப் பார்க்க வேண்டும். பெட்டியின் மேல் '1000 மில்லிவாட்' என்று போட்டிருந்தால் அது எத்தனை ஓமில் என்று கேளுங்கள். 32 ஓமில் 1000 மில்லிவாட் தரும் ஆம்ப், அதே வோல்டேஜில் 300 ஓமுக்கு நூறு மில்லிவாட் சொச்சம்தான் தரும்.

எதிர்ப்பக்கத்தில் இயர்போன்கள். ஷுர் எஸ்இ846-ன் மின்தடை 9 ஓம், ஒரு மில்லிவாட்டுக்கு 114 டெசிபல். 110 டெசிபலுக்கு அதற்கு 0.06 வோல்ட் போதும். இங்கே பலமான ஆம்ப் உதவாது, உபத்திரவம்தான். ஓர் ஆம்ப்பின் பின்னணி இரைச்சல் 10 மைக்ரோவோல்ட் என்று வைத்துக்கொள்வோம். எச்டி 650-ல் அது 3 டெசிபல், யாருக்கும் கேட்காது. இந்த இயர்போனில் அதே இரைச்சல் 34 டெசிபலாக வரும். அமைதியான அறையில், தனி வீணை ஒன்றின் இரண்டு மீட்டுகளுக்கு நடுவே அந்த 'ஸ்ஸ்' தெளிவாகக் கேட்கும். குத்துப் பாட்டில் கேட்காது. அதோடு வால்யூம் திருகியைக் கொஞ்சம் திருப்பியதுமே சத்தம் தாங்க முடியாமல் போகும், அந்தத் தொடக்க இடத்தில் பல திருகிகளில் இடது வலது சமமாக இருக்காது. இயர்போனுக்கு வேண்டியது இரைச்சல் குறைந்த, கெயின் (பெருக்கும் அளவு) குறைந்த, ஃபோனில் செருகும் சின்ன டாங்கிள்தான்.

அடுத்தது அவுட்புட் இம்பீடன்ஸ், அதாவது ஆம்ப்பின் உள்ளேயே இருக்கும் மின்தடை. டியூப் ஆம்ப் ரகசியம் முக்கால்வாசி இங்கேதான் இருக்கிறது. எச்டி 650-ன் மின்தடை எல்லா அலைவரிசையிலும் 300 ஓமாக இருப்பதில்லை. பேஸ் பகுதியில் 100 ஹெர்ட்ஸுக்குச் சற்றுக் கீழே 500 ஓம் வரை ஏறும். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத டியூப் ஆம்ப்களில் உள் மின்தடை 100 ஓமைத் தாண்டுவது சாதாரணம். 120 ஓம் என்று வைத்துக் கணக்குப் போட்டால், ஹெட்போனின் மின்தடை ஏறும் அந்த இடத்தில் மட்டும் பேஸ் சுமார் 1 டெசிபல் கூடும். டியூப்பும் தன் பங்குக்குக் கொஞ்சம் ஒலிச்சிதைவு சேர்க்கும். எச்டி 650-ஐ டியூப்பில் கேட்டால் ஒலி உருண்டு திரண்டு கனமாக வருகிறது என்று சொல்பவர்கள் நிஜத்தைத்தான் சொல்கிறார்கள். அந்த ஒரு டெசிபல் அங்கே இருக்கிறது. ஆனால் அதே ஆம்ப்பில் ஒரு பிளேனாரை மாட்டினால் இந்த மாற்றம் வராது. பிளேனாரின் மின்தடை எல்லா அலைவரிசையிலும் ஒன்றாகவே இருக்கும், எனவே பேஸ் கூடாமல் மொத்தச் சத்தமும் குறைந்து ஆம்ப் மூச்சுத் திணறும். ஆக 'ஜாஸுக்கு டியூப்' என்ற அறிவுரையில் ஜாஸுக்குச் சம்பந்தமே இல்லை. 300 ஓம், 600 ஓம் டைனமிக் ஹெட்போனுக்கு டியூப் என்றால் அதில் அர்த்தம் உண்டு.

இயர்போன்களில் இந்தப் பொருத்தமின்மை இன்னும் மோசமாகும். பல டிரைவர்கள் கொண்ட இயர்போனின் மின்தடை ஓரிடத்தில் 8 ஓம், இன்னோரிடத்தில் 40 ஓம் என்று அலையலாம். உள் மின்தடை 10 ஓம் உள்ள ஆம்ப்பில் மாட்டினால் அந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே ஒலியில் 5 டெசிபல் மாற்றம் வந்துவிடும். 1 ஓம் உள்ளதில் ஒரு டெசிபலுக்கும் குறைவு. ஒரே இயர்போன் மடிக்கணினியில் ஒரு மாதிரி, டாங்கிளில் வேறு மாதிரி கேட்பதற்கு இது ஒரு முக்கியமான காரணம். ஹெட்போனின் மின்தடையில் எட்டில் ஒரு பங்குக்குள் ஆம்ப்பின் உள் மின்தடை இருக்க வேண்டும் என்பது நடைமுறை விதி. பழைய கருவிகள் பலவற்றில் இது அதிகம். 1996-ல் வந்த ஐ.இ.சி 61938 என்ற சர்வதேசத் தரமும் 120 ஓமையே அடிப்படையாக வைத்திருந்தது. தாத்தா காலத்து ஸ்டீரியோ ரிசீவரில் இன்றைய 16 ஓம் இயர்போனைச் செருகும் முன் இதை நினைவில் வைக்க வேண்டும். 2011-ல் பெயர் வெளியிடாத ஒரு பொறியாளர் ஓ2 என்ற ஆம்ப்பின் சர்க்யூட்டை எல்லோருக்கும் திறந்து வைத்தார். அதன் உள் மின்தடை சுமார் அரை ஓம்தான். விலை குறைந்த ஆம்ப்பும் சுத்தமாக இருக்க முடியும் என்று அளந்து நிரூபித்த அந்த வேலைக்கு இந்தத் துறை கடன்பட்டிருக்கிறது. இன்று குறைந்த விலைக்கே நல்ல ஆம்ப் கிடைக்கிறது என்றால், அதற்கு அப்படிப்பட்ட அளவுகளை மக்கள் கேட்கத் தொடங்கியதும் ஒரு காரணம்.

இப்போது, இசை வகை ஆம்ப்பைத் தொடும் அந்த இடம். அது ஒலியின் நிறத்தில் இல்லை, ஏற்ற இறக்கத்தில் இருக்கிறது. இன்றைய சினிமாப் பாட்டும் பாப்பும் சத்தத்தை நெருக்கிப் பதியப்படுகின்றன. பாட்டின் சராசரி, உச்சத்திலிருந்து 8 முதல் 10 டெசிபல்தான் கீழே இருக்கும். சிம்பொனியில் சராசரியே 20 டெசிபலுக்கும் மேல் கீழே போகும், மெல்லிய பகுதிகள் இன்னும் கீழே. 1 வோல்ட் தரும் சாதாரண டாங்கிளில் எச்டி 650-ஐ மாட்டினால் உச்சம் 103 டெசிபல். குத்துப் பாட்டின் சராசரி 93, 95 டெசிபலில் நிற்கும். அது காதுக்கு ஆபத்தான சத்தம். உலக சுகாதார நிறுவனம் 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம் பாதுகாப்பு என்கிறது, 90 டெசிபலில் அது 4 மணி நேரமாகச் சுருங்கிவிடுகிறது. ஆக இப்படிப்பட்ட ஹெட்போனில் பாப் மட்டும் கேட்பவருக்குத் தனி ஆம்ப்பே தேவையில்லை. அதே டாங்கிளில் சிம்பொனியின் சராசரி 80 டெசிபலில் நின்றுவிடும், வால்யூம் முழுதாகத் திறந்திருக்கும், அதற்கு மேல் போக இடமில்லை. நெருக்காமல் பதிந்த கச்சேரிப் பதிவுகளும் இப்படித்தான். தனி ஆவர்த்தனத்தின் உச்சத்துக்காக அளவைத் தாழ்த்திப் பதிந்திருப்பார்கள், பல்லவி முணுமுணுப்பாகக் கேட்கும். அதிக பலமுள்ள ஆம்ப் யாருக்கு வேண்டும் என்றால், மெட்டலும் இ.டி.எம்மும் கேட்பவரைவிட சிம்பொனியும் கச்சேரியும் கேட்பவருக்குத்தான் முதலில் வேண்டும். புழக்கத்தில் இருக்கும் பட்டியல் இதற்கு நேர் எதிராகச் சொல்கிறது.

இந்தக் கணக்கு இன்னொரு இடத்திலும் வரும். ஒரே ஹெட்போனை வெவ்வேறு இசைக்குப் பொருத்த இன்றைக்கு ஆகச் சிறந்த வழி ஈக்வலைசர், அதாவது ஒவ்வொரு அலைவரிசையின் அளவையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் வசதி. கணினியில் ஈக்வலைசர் ஏபிஓ, ஆண்ட்ராய்டில் வேவ்லெட் போன்ற மென்பொருள்கள் இருக்கின்றன. ஆயிரக்கணக்கான ஹெட்போன்களுக்கான திருத்த அளவுகளை ஆட்டோஇக்யூ என்ற திட்டம் இலவசமாகத் தருகிறது. எச்டி 650-ல் ஹிப்-ஹாப் கேட்க வேண்டுமா, 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே 6 டெசிபல் கூட்டிக்கொள்ளலாம். ஆனால் அப்படிக் கூட்டும்போது ஒலி உடையாமல் இருக்க மொத்த அளவை 6 டெசிபல் இறக்க வேண்டும். அந்த 6 டெசிபலைத் திரும்பக் கொடுக்க வேண்டியது ஆம்ப், அதற்கு இரண்டு மடங்கு வோல்டேஜ் வேண்டும். ஆம்ப்பில் கொஞ்சம் மிச்ச பலம் வைத்துக்கொள்ள இது உருப்படியான காரணம்.

ப்ளூடூத் ஹெட்போன் வைத்திருப்பவருக்கு இந்தப் பொருத்தம் பார்க்கும் வேலையே இல்லை. ஆம்ப் அதற்குள்ளேயே இருக்கிறது, பொருத்தத்தை நிறுவனமே பார்த்து முடித்திருக்கும். அவருக்கு மிஞ்சுவது ஈக்வலைசர் மட்டும்.

வாங்கும் வரிசையைப் பற்றிக் கேட்டால் நான் சொல்வது இது. முதலில் உங்கள் காதுக்கும் நீங்கள் அதிகம் கேட்கும் பதிவுகளுக்கும் ஒத்துவரும் ஹெட்போன். அதைக் கையில் இருக்கும் ஃபோனிலோ ஒரு சாதாரண டாங்கிளிலோ மாட்டி, உங்களிடம் இருப்பதிலேயே மெல்லிய பதிவை ஓட்டிப் பாருங்கள். வால்யூம் முழுதாகத் திறந்தும் போதவில்லை என்றாலோ, சத்தம் ஏறும்போது உடைந்தாலோ, அமைதியான இடங்களில் இரைச்சல் கேட்டாலோ ஆம்ப் பற்றி யோசிக்கலாம். கடையில் இரண்டு ஆம்ப்களை ஒப்பிட்டுப் பார்க்கும்போது இரண்டிலும் சத்தத்தை முடிந்தவரை சமமாக வைத்துவிட்டு, எது ஓடுகிறது என்று தெரியாமல் நண்பர் ஒருவரை மாற்றி மாற்றிப் போடச் சொல்லுங்கள். அப்போதும் வித்தியாசம் தெரிந்தால் அது நிஜமான வித்தியாசம், தாராளமாகப் பணம் கொடுக்கலாம். தெரியவில்லை என்றால் விலை குறைந்ததை எடுத்துக்கொண்டு, மிச்சத்தில் நல்ல பதிவுகள் வாங்குங்கள்.